சப்பாத்தோடு ஏறிய மேடை

எனக்குச் சும்மா இருக்க வராது. ரயிலுக்காக நிற்கும்போதும் கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கும் ஜெர்மன்காரர் முதலில் காலைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார், பிறகு கொஞ்சம் தள்ளி நிற்பார். டாப் நடனம்தான் என் தொழில். அடியில் உலோகத் தகடு பதித்த சப்பாத்தோடு மரப்பலகையில் ஆடுவது. ஆட்டத்தில் பாதி அந்தச் சத்தம்தான். ஹம்பேர்க்கில் ஒரு சீசன், பெர்லினில் ஒரு சீசன் என்று மியூசிக்கல் நாடகங்களில் ஆடிக்கொண்டு திரிகிறேன். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த தேர்வு, அடுத்த வாடகை அறை. பெட்டியில் உள்ளதை முழுதாக எடுத்து அடுக்கிவைத்த வீடு எனக்கு இன்னும் அமையவில்லை.

இத்தனை வருடத்தில் அம்மா நான் ஆடிப் பார்த்ததே இல்லை. பீலெஃபெல்டில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. சனி, ஞாயிறு மாலைகளில்தான் ஷிஃப்ட் விழும். எனக்கும் அப்போதுதான் மேடை. லீவு கிடைத்தால் முழங்கால் வலிக்கும். முழங்கால் வலிக்காவிட்டால் விரதம் வரும். டிக்கெட் அனுப்பி அனுப்பி அலுத்துப் போனேன். ஒருமுறை சினிமாவில் ஆடினேன். அம்மா சொந்தக்காரரையெல்லாம் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். திரையில் வந்தது முழங்காலுக்குக் கீழே நான், மேலே கதாநாயகி. "உன்ர முகம் எங்க பிள்ளை?" என்று போனில் கேட்டார்.

ஆகவே போன வருடம் பீலெஃபெல்டில் தமிழர் கலைவிழா ஒன்றில் ஆடக் கேட்டபோது, கேட்ட வாய் மூடுமுன் ஓம் என்றேன். விழா ஞாயிறு பகலில், மண்டபம் அம்மா வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இனி அவருக்குச் சாட்டுச் சொல்ல வழியில்லை. பட்டுச்சேலை உடுத்து முன்வரிசையில் வந்து இருந்தார்.

மேடையோரத்தில் நான் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது விழாவுக்குப் பொறுப்பான அண்ணை ஓடி வந்தார். மேடையில் நடராசர் படம், அதன் முன்னால் ஏற்றிய குத்துவிளக்கு. அங்கே சப்பாத்தோடு ஏறுவதா? என்னை அழைக்கும்போது அவர் இதை யோசிக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் யோசிக்கவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காதவள் நான். சின்ன வயதில் ஆடிப் பழகியதுகூட மாடிவீட்டுக்குக் கீழே, உடுப்புத் தோய்க்கும் நிலவறையில்தான்.

இது மேடைக்கென்றே வைத்திருக்கும் சப்பாத்து, தெருவை மிதித்ததே இல்லை என்று விளக்கினேன்.

"அது உங்களுக்குத் தெரியும் தங்கச்சி. சனத்துக்குத் தெரியாதே," என்றார்.

வெறுங்காலோடு ஆடச் சொன்னார். வெறுங்காலில் சத்தம் வராது என்றேன். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கக் கேட்டேன். ஏற்றிய விளக்கை விழா முடியுமுன் அசைக்கக் கூடாதாம். கீழே ஆடலாம் என்றால் மண்டபத் தரை முழுக்க ரப்பர். கோபம் தலைக்கேறியது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் ஒலிவாங்கியில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் வரக் காணாமல் அம்மா எழுந்து வந்தார். என்ன பிரச்சினை என்று அண்ணையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "கழட்டு," என்றார்.

அம்மாவும் அவர்கள் பக்கம்தான் என்று நினைத்தேன். கழற்றிக் கொடுத்தேன். அம்மா சேலைத் தலைப்பால் அடித்தகடுகளைத் துடைத்தார். மேடையில் ஏறி, சப்பாத்துகளைக் குத்துவிளக்கின் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

அண்ணை வாய் திறக்க முன்னமே அம்மா சொன்னார்: "சலங்கையையும் சாமிக்கு முன்னால வைச்சுக் கும்பிட்டுத்தானே கட்டுறவை. இது அவளின்ர சலங்கை."

அண்ணை முன்வரிசையைப் பார்த்தார். ஒரு குடும்பம் எழுந்து போனது. மற்றவர்கள் அசையவில்லை. "கெதியா முடியுங்கோ," என்று அவசரப்படுத்தினார் அவர். நான் சப்பாத்தை எடுத்துக் கட்டினேன்.

ஆடினேன். அம்மா தன் இடத்துக்குப் போகவில்லை, மேடையோரத்திலேயே நின்றுவிட்டார். அம்மா பார்க்கிறார் என்ற நினைப்பிலேயே ஒவ்வொரு அடியையும் வைத்தேன். எத்தனையோ மேடை ஏறியும் அப்படி நான் பயந்ததில்லை. கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது பொறுக்கமாட்டாமல், எப்படி இருந்தது என்று கேட்டேன். அம்மா நடந்துகொண்டே சொன்னார்:

"நான் உன்னைப் பாக்கேல்லை பிள்ளை. நீ குத்தக் குத்தத் திரி அணையிற மாதிரி ஆடினது. விளக்கு நூந்துபோனா உன்னைத்தான் சனம் குறை சொல்லும். அதையே பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

"விளக்கு வைக்காத மேடையில எங்கையும் ஆடுறனியே? அப்பிடியெண்டாச் சொல்லு, வாறன்."

நான் ஆடிய மற்ற மேடையெல்லாம் குத்துவிளக்கு வைக்காததுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.