கடித்துக் கொடுத்த ரொட்டி

கெட்டிலிலிருந்து தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றியதை மறுபடியும் கெட்டிலிலேயே கவிழ்த்தாள். இப்படி மூன்று தடவை. நான் காப்பி ஆற்றுவதுபோல இவளும் ஆற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எனக்கு அரைக் கிண்ணத்துக்கும் குறைவாக ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வலது கையால் நீட்டினாள். கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு அரைக் கிண்ணம்தானா என்று எனக்குச் சுருக்கென்றது. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருளாம். குறைய ஊற்றினால், இன்னும் இரு, திரும்பத் திரும்ப ஊற்றித் தருகிறேன் என்று பொருளாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரியாமல் செய்ததற்கெல்லாம் நான் வருந்தவில்லை. தெரிந்தே ஒன்று செய்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் உஸ்பெக் தேசத்துக்காரி. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் தாய். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், பிறந்ததிலிருந்தே இதயத்தில் கோளாறு. டெல்லியில் வைத்தியம் பார்க்க அத்தனை தூரம் கூட்டி வந்திருந்தாள். அவளுக்கு இந்தி தெரியாது, எனக்குத் தமிழும் காய்கறி வாங்குகிற இந்தியும்தான். என்னை ‘ஓப்பா’ என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம் என்று ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்புக்காரப் பெண் சொன்னாள். இவருக்கு ஆபரேஷன் நடந்த அன்று டெல்லியின் மறுகோடி மயூர் விஹாரிலிருந்து என் மகன் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் தியேட்டர் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் அவள். மூன்று வாரம் நான் கொண்டுபோன தயிர்சாதத்தை ஊறுகாயோடு வழித்துச் சாப்பிட்டாள். எனக்கு அதில் பெருமை.

மகளுக்குக் குணமாகி ஊருக்குக் கிளம்புகிற முந்தின நாள், லாஜ்பத் நகர்ப் பக்கம் தங்கள் தேசத்துச் சாப்பாட்டுக் கடைக்கு என்னைக் கூப்பிட்டாள். மகளும் மொழிபெயர்ப்புக்காரப் பெண்ணும் கூட இருந்தார்கள். கம்பளம் விரித்த மேடைமேல் உட்கார்ந்து சாப்பிடுகிற கடை. முதலில் சொன்ன அரைக் கிண்ணம் தேநீர் அங்கேதான். உள்ளே நுழைந்ததுமே ஆட்டுக்கொழுப்பு வாடை மூக்கில் ஏறியது. நாங்கள் திருநெல்வேலிச் சைவக்காரர்கள். முட்டை வேகிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் அறுபத்தெட்டு வயது வரை இருந்துவிட்டேன், அதைச் சொல்லிக்கொள்ளவும் தயங்கமாட்டேன். பைக்குள் என் எவர்சில்வர்த் தட்டும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுபோயிருந்தேன்.

பரங்கிக்காயை உள்ளே வைத்துச் சுட்ட சமோசா மாதிரி ஒன்று வந்தது. என்ன எண்ணெய், எந்தச் சட்டி, எந்தக் கரண்டி என்று மொழிபெயர்ப்புக்காரப் பெண்ணை ஐந்து தடவை கேட்க வைத்தேன். ஐந்து தடவையும் தாய் சிரித்த முகமாகவே பதில் சொன்னாள். கடைசியில் தக்காளித் துண்டு நாலு எடுத்துக்கொண்டு, வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டேன். காலையிலிருந்து கடை அடுப்படியிலேயே நின்று, புதுச் சட்டி வாங்கி வந்து, தாய் தன் கையாலேயே அதைச் செய்தாள் என்று மொழிபெயர்ப்புக்காரப் பெண் பிறகுதான் சொன்னாள். முதலில் சொல்ல வேண்டாம் என்று இவள் தடுத்துவிட்டாளாம், நான் சங்கடப்பட்டுச் சாப்பிடக் கூடாதென்று.

எழுந்திருக்கிற நேரத்தில் வட்டமான ரொட்டி ஒன்றை எடுத்தாள். நடுவில் பூப்பூவாய் அச்சு குத்தி, எள் தூவிய ரொட்டி. மகளிடம் நீட்டினாள். அந்தப் பெண் ஓரத்தில் ஒரு வாய் கடித்தாள். கடித்த ரொட்டியைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தாள் தாய்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. எச்சில் பண்டத்தை யாராவது கொடுப்பார்களா? மொழிபெயர்ப்புக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பதறினாள். தூரப் பயணம் போகிறவர்களை ஒரு வாய் கடிக்கச் சொல்லி, மீதியை வீட்டில் வைத்திருப்பார்களாம். போனவர் திரும்பி வந்து அதைத் தின்று முடிக்க வேண்டுமாம். காய்ந்தால் வருஷக்கணக்கில் கெடாதாம். ஒரு வருஷம் கழித்து மகளை டாக்டரிடம் காட்ட வரவேண்டும், அதுவரை அவள் உயிரோடு இருந்து திரும்பி வர வேண்டும், ரொட்டியை வைத்திருக்க இந்த ஊரில் அவளுக்கு என் வீடுதான் இருக்கிறது என்றாளாம் தாய். “ரக் லீஜியே, ஆன்ட்டி,” என்று கெஞ்சினாள் மொழிபெயர்ப்புக்காரப் பெண், வைத்துக்கொள்ளுங்கள் என்று.

வாங்கிக்கொண்டேன். அவ்வளவும் கேட்டுப் புரிந்துகொண்டுதான் வாங்கினேன். அவர்கள் தலை மறைந்ததும், ஆட்டோ பிடிக்கிற இடத்தில் நின்ற பசுமாட்டுக்குப் போட்டுவிட்டேன். குப்பையில் எறியவில்லை, பசுவுக்குத்தானே போட்டேன் என்று மனதுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

அந்த ஒரு வருஷமும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அங்கே ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைப்பு வந்தால் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். மொழிபெயர்ப்புக்காரப் பெண்ணின் நம்பர் இருந்தும் கேட்கத் துணிவில்லை. ஒருநாள் அவளே போன் செய்தாள். இருவரும் வருகிறார்கள், அதே கடைக்கு வரச் சொல்கிறார்கள், ரொட்டி இருக்கிறதல்லவா என்று கேட்கச் சொன்னார்கள் என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மகனை அனுப்பி அதே கடையில் ஒரு ரொட்டி வாங்கி வரச் சொல்லி, பால்கனி வெயிலில் காய வைத்தேன். முழு ரொட்டி, கடி இல்லை. கத்தியால் ஓரத்தை வெட்டிப் பார்த்தேன், வெட்டினது மாதிரியே இருந்தது. ரொட்டி கல்லாகிவிடுவதற்குள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே அந்த இடத்தில் கடித்தேன். கதவைத் திறந்தால் இவர் நிற்கிறார். மத்திய சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏட்டி, முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல இருந்தேன். ஒரு கள்ளக் கையெழுத்துப் போட்டதில்ல. நீ பல்லாலயே போடுதியே,” என்றார்.

“சும்மா இருங்க. எல்லாம் உங்கள வச்சுத்தான வந்துது,” என்றேன். வாயில் இருந்த துண்டைத் துப்பவில்லை. நல்ல ருசியாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் கன்னம் சிவந்து, சதை பிடித்து வந்திருந்தாள். மேடையில் தானே ஏறினாள். நான் துணிச்சுற்றைக் கொடுத்ததும் தாய் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தாள். கடித்த இடத்தைப் பார்த்தாள். மகளுடைய சின்ன வாயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் பொய்ப்பல் வரிசை அகலமாக, நேராக ஓர் ஓட்டத்தில் கடித்திருந்தது. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவள் ரொட்டியை உடைத்தாள். கடிபடாத பக்கத்தைத் தேநீரில் நனைத்து மகளுக்குக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள், சாப்பிட்டேன். என் பல் பட்ட ஓரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் அவளே தின்றாள், மெதுவாக, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல். மொழிபெயர்ப்புக்காரப் பெண் எதிரிலேயே இருந்தாள். இரண்டு வார்த்தை இந்தியில் சொல்லியிருந்தால் போதும். யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகாத வாய், வார்த்தை வரவில்லை.

ரொட்டியா அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது, டாக்டர்தானே என்கிறான் என் மகன். அது எனக்குத் தெரியாதா?

மறு வருஷமும் டாக்டரிடம் வர வேண்டும் என்று மகள் சொன்னாள். புறப்படும்போது தாய் என்னைக் கட்டிக்கொண்டாள், ஓப்பா என்றாள், கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தாள். மேடைமேல் புது ரொட்டி இரண்டு அப்படியே இருந்தன. அவள் அவற்றில் எதையும் கடிக்கச் சொல்லி மகளிடம் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.