நீல மூடி போட்ட டப்பா

என் எழுதுமேசையில் நீல மூடி போட்ட தகர டப்பா ஒன்று இருக்கிறது. எப்போதோ பிரெஞ்சு பிஸ்கட் வந்த டப்பா. பக்கங்களில் இருந்த படம் தேய்ந்து, ஒரு பெண்ணின் தொப்பியும் பாதி நாயும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இரண்டு படி மாவு கொள்ளும். காரைக்காலில் என் வாப்பா வைத்திருந்த மாவுக்கடைக்கு மாதம் ஒருமுறை இதைக் கொண்டுவந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. கிறிஸ்தவர்கள் அவரைப் பிரெஞ்சில் மாசேர், அதாவது சகோதரி, என்று அழைப்பார்கள். எங்கள் கடையில் அவர் மடத்தம்மா.

பதினேழு வயதில் மடத்துக்குள் வந்தவர். நான் பார்த்தபோது அறுபதை நெருங்கியிருந்தார். இடையில் இருந்த ஆண்டுகளில் திருநள்ளாற்றுக்கு மேற்கே அவர் போனதில்லை என்று சொல்வார்கள். அவருக்கு மடத்தில் தரப்பட்ட வேலை ஒன்றே ஒன்று: பூசைக்கான அப்பம் சுடுவது. காரைக்கால் மாதா கோவிலுக்கும் சுற்றுக் கிராமங்களின் சிறு கோவில்களுக்கும் அவர் சுட்ட அப்பம்தான் போகும். மடத்துச் சமையலுக்கு அரிசி மூட்டை இறக்கப் போன ஒரு காலையில் அவர் சுடுவதைப் பின்கட்டில் பார்த்தேன். நீண்ட கைப்பிடிகள் கொண்ட இரும்பு அச்சு, உள்ளே சிலுவை வடிவம். கரைத்த மாவை ஊற்றி, அச்சை மூடிக் கனலில் வைப்பார். ஒரு பக்கம் வேக ஒரு மரியன்னை ஜெபம், புரட்டிப்போட்டு இன்னொன்று. கடிகாரம் கிடையாது. உதடு அசைவது நின்றதும் அச்சைத் திறப்பார். காகிதத்தை விட மெல்லிய தகடு, ஓர் இடத்திலும் கருகாமல் இருக்கும். ஜெபத்தை அவசரமாகச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வேகாதுங்க" என்றார்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. மூன்று பக்கமும் இந்தியச் சுங்கச் சாவடிகள். நான்காவது பக்கம் கடல். கெடுபிடி கூடிய நாட்களில் கோதுமை மாவு எளிதில் வந்து சேராது. அப்போது கடைக்காரர்கள் எல்லாரும் செய்ததை நாங்களும் செய்தோம்: கோதுமை மாவில் அரிசி மாவைக் கலந்தோம். ரொட்டி சுடுகிறவர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே வாங்கினார்கள். மடத்துக்கு மட்டும் கலக்காத மூட்டை ஒன்றைத் தனியாக வைத்திருக்க வேண்டும் என்பது வாப்பாவின் உத்தரவு.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய வாரம் அந்த மூட்டை தீர்ந்துவிட்டது. மடத்தம்மா காய்ச்சலில் படுத்திருந்ததால், இளைய கன்னியாஸ்திரி ஒருவர் டப்பாவோடு வந்தார். வாப்பா நாகப்பட்டினம் போயிருந்தார். இருபத்திரண்டு வயதான நான் கல்லாவில் இருந்தேன். திருநாள் நெருங்கிவிட்டது, இல்லை என்று திருப்பி அனுப்புவானேன் என்று நினைத்தேன். கலந்த மூட்டையிலிருந்து அளந்து போட்டேன். மாவு மாவுதானே என்பது என் கணக்கு.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை காலை மடத்தம்மா வந்தார். முகம் வற்றியிருந்தது. திருநாள் அப்பத்தை இளையவர்தான் சுட்டிருக்கிறார். மிச்ச மாவில் அன்று காலை இவரே ஒரு தகடு சுட்டிருக்கிறார். அச்சைத் திறக்கும்போதே அது நொறுங்கியிருக்கிறது. ஒரு பிடி மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசியபோது, வழக்கமாக நிற்கும் பசையில் பாதிகூட நிற்காமல் பாலாகக் கரைந்து போயிருக்கிறது. அவர் இவை எதையும் என்னிடம் முதலில் சொல்லவில்லை. டப்பாவைப் பலகையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இதுல அரிசி மாவு கலந்திருக்குதா?"

ஆமாம் என்றேன்.

"எவ்வளவு?"

கொஞ்சம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் கோபமாகப் பார்க்கவில்லை. நோயாளியின் பக்கத்தில் இருந்து மருத்துவரின் பதிலுக்குக் காத்திருப்பவர் போல நின்றார். "மூணு படிக்கு ஒரு படி" என்றேன்.

அந்த விகிதம் எதைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் சமயத்தில், பூசையில் சாமியே இறங்கி வந்து நற்கருணையாகும் அப்பம் தனிக் கோதுமையாக இருக்க வேண்டும். வேறு மாவு சிறிது ஒட்டியிருந்தால் பாதகமில்லை. இந்த அளவுக்குக் கலந்தால் அது செல்லுமா என்பதே சந்தேகம். அது செல்லாவிட்டால், நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நோன்பிருந்து ஈஸ்டரன்று ஊர் முழுக்க வாங்கியது வெறும் அப்பம். அந்தப் பூசைகள் பூசைகள் இல்லை. இது தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இருவர்தான்.

"பங்குச் சாமியாரு எவ்வளவுன்னு கேப்பாரு. சொல்லிடறேன். யார் கடைன்னு அவரு கேக்க மாட்டாரு" என்று சொல்லி டப்பாவை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார். "வரிச்சிக்குடியில ஒருத்தர் நேத்து இறந்துட்டாருங்க. திங்கக்கிழமை அவருக்குக் கடைசி நன்மையா குடுத்த அப்பம் இந்த மாவுல சுட்டதுதான்."

வாப்பா ஊரிலிருந்து வந்ததும் சொன்னேன். "கலக்கலைன்னு சொன்னியா, உண்மையச் சொன்னியா?" என்றார். உண்மையைச் சொன்னதாகச் சொன்னேன். மறுநாள் காலையில், "அந்தம்மா வரிச்சிக்குடிக்கு நடந்து போகப் போகுதாம். காய்ச்சல் உடம்பு. வண்டியக் கட்டிட்டுப் போடா" என்றார்.

பங்குச் சாமியார், ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவித்துவிடலாம், வீடு தேடிப் போக வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறார். ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று மடத்தம்மா அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறார். அவரும் அந்த இளைய கன்னியாஸ்திரியும் பின்னால் உட்கார, நான் மாட்டை ஓட்டினேன். அவர்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

இறந்தவர் வயல்கூலி. கூரை வீடு. அவர் மனைவி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். மடத்தம்மா தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்: மாவில் கலப்பு இருந்தது. சோதிக்க வேண்டியவள் நான், சோதிக்கவில்லை. உங்கள் கணவருக்குக் கொடுத்தது நற்கருணையாக இல்லாமல் இருந்திருக்கலாம். வண்டியருகே நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "எச்சி முழுங்கக்கூட முடியாம கெடந்தாரும்மா. அத மட்டுந்தான் முழுங்குனாரு. சாமி வருதுன்னு முழுங்குனாரு. வராமலா போயிருக்கும்?"

மடத்தம்மாவுக்குப் பதில் தெரியாமல் இருந்திருக்காது. மறையைக் கற்றுத் தேர்ந்தவர். ஆனாலும் அவர் குனிந்து அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டு, அந்த வீட்டுக் குவளையிலேயே வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எங்களிடம் மாவு வாங்கும் கிறிஸ்தவ ரொட்டிக்கடைக்காரர் வந்து சொன்னார். பூசைகள் மறுபடி நிறைவேற்றப்படும் என்று சாமியார் அறிவித்தாராம். பூசை முடியும்வரை மடத்தம்மா பலிபீடத்துக்கு முன்னால், ஊர் பார்க்க, இரண்டு கைகளையும் விரித்தபடி முழந்தாளில் நின்றாராம். கைகள் ஒருமுறைகூட இறங்கவில்லை என்றார். பிறகு ஓரக்கண்ணால் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பாய், அப்ப நான் சுட்ட ரொட்டியும் செல்லாதா?" வாப்பா சிரிக்கவில்லை. அது எங்கள் கடை மாவு என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது என்பது எங்களுக்குப் புரிந்தது. மடம் கடையை மாற்றினால் அந்தப் பேச்சு உறுதியாகிவிடும்.

அடுத்த மாதம், வழக்கமான நாளில், வழக்கமான நேரத்தில், கடைத்தெரு நிறைந்திருக்கும்போது அவர் டப்பாவோடு வந்தார். வாப்பா எழுந்து நின்றார். "இன்னும் எங்க கடைதானாம்மா?"

"வேற கடைக்குப் போனா ஏன்னு கேப்பாங்க. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."

அன்று கலக்காத மாவு இருந்தது. அளந்து போட்டபின், நானாகவே ஒரு சிட்டிகை மாவைப் பிசைந்து, செம்புத் தண்ணீரில் அலசத் தொடங்கினேன். பசை நிற்பதைக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். நான் முடிப்பதற்குள் அவர் டப்பாவை மூடி, நீல மூடியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "நீங்கதான் அளந்தீங்கல்ல. போதும்" என்றார். ஆனால் மடத்துக்குப் போய் அவர் அதைச் சோதித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது அவருடைய வேலை. என் முன்னால் சோதிக்காமல் விட்டதுதான் அவர் எனக்குத் தந்த மரியாதை.

பிறகு நான் கடையை விட்டுப் பத்திரிகைக்குப் போனேன். எவ்வளவு என்ற கேள்வியை அதிகாரிகளிடமும் தலைவர்களிடமும் பல்லாண்டு கேட்டேன். கொஞ்சம் என்பதே பெரும்பாலும் கிடைத்த பதில். எனக்கும் அந்தச் சொல்தான் வாய்வரை வந்தது என்பதால் அவர்களிடம் அதிகம் கோபப்பட்டதில்லை.

அவர் இறந்த சில நாட்களில், அந்த இளைய கன்னியாஸ்திரி, ஊருக்கு வந்திருந்த என்னைத் தேடிக் கடைக்கு வந்து, "அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க" என்று டப்பாவை வைத்துவிட்டுப் போனார். கழுவித் துடைத்து, வெயிலில் காயவைத்த டப்பா. இப்போது அப்பம் எங்கிருந்தோ பொட்டலமாக வருவதாகச் சொல்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கும். என் மேசையில் டப்பா காலியாக இருக்கிறது. வீட்டில் பேத்திகள் பேனா போட, பித்தான் போட என்று கேட்டுப் பார்த்துவிட்டார்கள். கொடுக்கவில்லை. அதில் எதைப் போட்டு மூடினாலும், உள்ளே என்ன, எவ்வளவு என்று கேட்க ஒருவர் வந்து நிற்பார் என்றே தோன்றுகிறது.