வால்வு இல்லாத ரேடியேற்றர்

எங்கள் சமையலறை இழுப்பறையில், பழைய பூட்டுத் திறப்புகளுக்கும் தீர்ந்துபோன பற்றரிகளுக்கும் நடுவே, ஒரு பித்தளை வால்வு கிடக்கிறது. அறையைச் சூடாக்கும் ரேடியேற்றரின் அடியில் பூட்டுவது. திருகி மூடினால் சுடுநீர் நின்றுவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். கூடவே பாரிஸ் அண்ணையின் ஞாபகமும் வரும்.

பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர் என்பதால் அந்தப் பெயர். அடுப்பு பூட்டும் வேலைக்கு முறைப்படி பதிவு செய்தவர். தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வாங்கிய வீட்டில் விறகு அடுப்பு பூட்ட அவரைத்தான் கூப்பிட்டோம். அடுப்பின் முதுகுப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பெட்டி இருக்கும். நெருப்பு அதைச் சூடாக்க, பம்ப் அந்தச் சுடுநீரை வீடு முழுக்க ரேடியேற்றர்களுக்குத் தள்ளும். எனக்கோ விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் பார்க்கும் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன், வீட்டுக்கு வந்ததும் அந்தக் குணத்தைக் கோட்டோடு கழற்றி மாட்டிவிட முடியுமா? அவருடைய பதிவு அட்டையை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வேலை முடிந்தபோது, குளியலறை ரேடியேற்றரில் மட்டும் வால்வு இல்லை. குழாய் நேராக உள்ளே போய் நேராக வெளியே வந்தது. நான் வாங்கி வைத்த வால்வு பெட்டி பிரிக்காமல் கிடந்தது. வேலையில் தப்பப் பார்க்கிறார் என்றே எனக்குப் பட்டது. கேட்டேன்.

"தம்பி, கேஸ் எண்டால் நிப்பாட்டலாம். எரியிற விறகை என்னெண்டு நிப்பாட்டுவியள்? கரண்ட் போனால் பம்ப் நிண்டிடும். தண்ணி அடுப்புக்குப் பின்னாலை நிண்டு கொதிச்சு வெடிக்கும். அந்தச் சூடு தானா மேலை ஏறிப் போக ஒரு வழி எப்பவும் திறந்து கிடக்க வேணும். இதை மூடக் கூடாது."

விளங்கியது, நம்பத்தான் முடியவில்லை. அழகாக விளக்கம் சொல்லும் பயணியின் பையைத்தான் நாங்கள் இரண்டாம் முறை திறப்போம்.

அதன் பிறகு அண்ணை சொல்லாமல் கொள்ளாமல் வர ஆரம்பித்தார். "இந்தப் பக்கம் ஒரு வேலை, அதுதான் எட்டிப் பாத்தன்" என்பார். தேத்தண்ணி வருமுன்பே, "ஒருக்கா பாத்ரூமுக்குப் போட்டு வாறன்" என்று மாடி ஏறிவிடுவார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். மனுசனுக்குச் சீனி வருத்தமோ என்று மனைவி இரங்கினாள். நான் அவர் போனதும் மேலே ஓடி அலுமாரிகளைத் திறந்து பார்த்தேன். ஒரு சீப்புக்கூடக் காணாமல் போகவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

குளியலறையோ அனலாய்க் கொதித்தது. ஒரு ஞாயிறு, அடுப்பு ஆறியிருந்த நேரம் பார்த்து, குழாய் வேலை அரைகுறையாகத் தெரிந்த மச்சானைப் பிடித்து அந்த வால்வைப் பூட்டுவித்தேன். இறுக்கி மூடினேன். ஒரு கிழமை அடுப்பு எரிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அண்ணையின் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரே சந்தோசம்.

அடுத்த சனி மத்தியானம், மகள் வீட்டுப்பாடக் கொப்பியோடு அடுப்பின் முன் சப்பாணி கட்டி இருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. நான் விறகை அடுக்கி நெருப்புப்பெட்டியை எடுத்தபோது அண்ணை வந்தார். வழக்கம்போல் மேலே போனார். இறங்கி வந்ததும் படியில் நின்றபடியே கை நீட்டி, "அந்த நெருப்புப்பெட்டியை இஞ்சை தாங்கோ" என்றார். எனக்குக் கள்ளனுக்குத் தேள் கொட்டிய நிலைமை.

"நீங்கள் என்னை நம்பேல்லை, தெரியும். நானும் உங்களை நம்பேல்லை. அதுதான் வந்து வந்து அந்தக் குழாயைத் தடவிப் பாத்தனான்" என்றார். மகளைக் காட்டினார். "பிள்ளையை இதிலை இருத்திப்போட்டு மேலை வழியை அடைச்சு வைக்கிறியளோ?"

தண்ணீரை வடித்து, வால்வைக் கழற்றி, பழையபடி குழாயைப் பொருத்தப் பின்னேரம் ஆகிவிட்டது. வால்வை என் கையில் வைத்துவிட்டுப் போனார். தேத்தண்ணியை அவர் தொடவில்லை.

இரண்டு கிழமைக்குப் பின் ஒரு புயல்காற்றில் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. அடுப்பு முழு வீச்சில் எரிந்துகொண்டிருந்தது. பம்பின் முனகல் அடங்கியதும் மகளை இழுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு மேலே ஓடினேன். குளியலறை ரேடியேற்றரில் கை வைத்தேன். சுட்டது. யாரும் தள்ளாமலே சூடு ஏறி வந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்று அண்ணைக்குப் போன் பண்ணினேன்.

"சுடுதோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"அப்ப சரி." வைத்துவிட்டார். நான் கேட்க நினைத்த மன்னிப்பை அவர் காலமாகும் வரை கேட்கவேயில்லை.

மகள் இப்போது ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கியிருக்கிறாள். முன்பிருந்தவர்கள் விட்டுப்போன விறகு அடுப்பு ஒன்றும் அதில் உண்டு, முதுகில் தண்ணீர்ப் பெட்டியோடு. போன ஞாயிறு நாங்கள் போனபோது முதன்முதலாக எரிக்கவென்று விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றாமலே, "ஒருக்கா பாத்ரூமுக்குப் போட்டு வாறன்" என்றேன்.

"வந்ததும் வராததுமா பாத்ரூமோ? அப்பா, சுகர் செக் பண்ணினீங்களா?" என்று சிரித்தாள்.

மாடிக் குளியலறை ரேடியேற்றரின் முன் முழங்காலில் இருந்து அடிக்குழாயைத் தடவினேன். இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மறுபக்கத்தை ஒரு துவாய் மறைத்திருந்தது. விலக்கினேன். எங்கள் இழுப்பறையில் கிடப்பது போலவே ஒரு பித்தளை வால்வு, இறுக மூடியபடி.

படியில் பாதி இறங்கும்போதே கையை நீட்டினேன்.

"மகள், அந்த நெருப்புப்பெட்டியை இஞ்சை தா."