தாளின் மூலையை மடிக்கச் சொன்னவர்

அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பென்னலூர்ப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்திருந்த நேரம். வடக்குப்பட்டுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் கன்னியம்மா வாசலில் வந்து நின்றாள். நான் அதே பள்ளியில் இருந்த காலத்தில் என் மாணவி. பஸ்ஸைவிட்டு இறங்கி வெயிலில் ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"சார், நம்ம சுலோசனா டீச்சர் போய்ட்டாங்களாம் சார். காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போற வழியிலேயே..."

"யார் சொன்னது? உளறாதே!" என்று கத்தினேன். கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்கள் மேல் பாய்வது என் பழைய வியாதி. அவள் அழுதாள். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பிள்ளையின் பெயர் தெரியாதபடி அதன் மேல் மூலை மடிந்திருந்தது. இப்படி மடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் இனி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு டீச்சரைப் பற்றி நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப்பேர் அவரை எதிர்த்துப் பேசித் தோற்றவர்கள். இரண்டிலும் முதல் வரிசையில் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பதிமூன்று வருடங்களுக்கு முன்பு அந்த உத்தரவு வந்தபோது நாம் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? ஆண்டுக் கடைசியில் ஒரே ஒரு பரீட்சையை வைத்துப் பிள்ளையை மேல்வகுப்புக்கு அனுப்புவதோ நிறுத்துவதோ கூடாது என்றார்கள். மாதத் தேர்வு, வாய்மொழி, கைவேலை எல்லாவற்றையும் பார்த்துப் பிள்ளைக்கு ஒரு அட்டையில் குறித்துவர வேண்டும் என்றார்கள். "இருக்கிற ரெண்டு வாத்தியாரு அஞ்சு கிளாஸப் பாப்பானா, அட்டைய எழுதிக்கினு கெடப்பானா?" என்று டீக்கடையில் நாம் பேசாத பேச்சில்லை. அந்த முறைக்கு நம்மைத் தயார்செய்யும் பொறுப்பு சுலோசனா டீச்சரிடம் வந்தது. மே மாதத்தில், ஸ்ரீபெரும்புதூரில், தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடத்தில், நான்கு நாள் பயிற்சி. விடுமுறையைக் கெடுத்தார்கள் என்ற கடுப்பிலேயே போனேன்.

முதல் நாள் வேண்டுமென்றே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தேன். டீச்சர் பேச்சை நிறுத்தினார். "சார் பேப்பர முடிச்சிடட்டும். நாம காத்துக்கினு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேஜையருகில் கைகட்டி நின்றார். கேலியாகச் சொன்ன மாதிரியே தெரியவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. நாற்பது பேரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். எனக்கும் வீம்பு. இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். டீச்சர் அசையவில்லை. கடைசியில் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். "என்ன சார் விசேஷம், மழை வருமாமா?" என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். கூடமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

இரண்டாம் நாள் நடந்ததைத்தான் நான் சொல்லியாக வேண்டும். அலுவலகத்திலிருந்து பல பள்ளிகளின் ஆண்டுத் தேர்வுக் கட்டுகளை வாங்கி, அவற்றிலிருந்து ஒரு கட்டுரையைத் தம் கையாலேயே நாற்பது பிரதி எழுதிக்கொண்டு வந்திருந்தார் டீச்சர். பிள்ளையின் எழுத்துப் பிழைகூட மாறவில்லை. பெயர் மட்டும் இல்லை. 'எங்கள் ஊர் ஏரி' என்பது தலைப்பு. "பத்துக்கு எவ்வளவுன்னு போடுங்க. பக்கத்து ஆள் தாளைப் பார்க்காதீங்க, நாம பிள்ளைங்களுக்குச் சொல்றதுதான்" என்றார்.

கட்டுரையில் சில வரிகள் எனக்கு இன்றும் மனப்பாடம். 'எங்க ஊர் ஏரிக்கு ரெண்டு மதகு. பெரிய மதகு தெறந்தா ஆம்பளைங்க சத்தம். சின்ன மதகு தெறந்தா பொம்பளைங்க சத்தம். ஏரி ரொம்பினா எங்க அம்மா என்னை ஸ்கூலுக்கு போவ சொல்லாது. நாத்து நட கூப்பிடும். ஏரி காஞ்சா போவ சொல்லும். அதனால எனக்கு ஏரி ரொம்பினாலும் கஷ்டம் காஞ்சாலும் கஷ்டம்.' பேச்சுத் தமிழும் பிழையும் கலந்துகிடந்தன. ஆனால் படிக்கும்போது ஏரி கண்ணெதிரே நின்றது. ஏழு போட்டேன்.

டீச்சர் யார் போட்டது என்று சொல்லாமல் மதிப்பெண்களை மட்டும் கரும்பலகையில் எழுதினார். இரண்டிலிருந்து எட்டு வரை எல்லா எண்ணும் இருந்தன. "ஒரே தாள். ஒரே பிள்ளை. யார் கையில மாட்டுதோ அதான் அதோட தலையெழுத்து. இதை மாத்தத்தான் நாம வந்திருக்கோம்" என்றார். பிறகு, "பள்ளிக்கூடத்துல இதுக்கு மூணு விழுந்திருக்கு. பிள்ளை பெயில்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "மூணா? இதுக்கு மூணு போட்டவன் வாத்தியாரா? மாடு மேய்க்கப் போகச் சொல்லுங்க டீச்சர். யாரவன்?" என்று மேஜையைத் தட்டினேன். பலர் கைதட்டினார்கள். டீச்சர் என்னை ஒரு கணம் பார்த்தார். "மணி ஒண்ணு ஆச்சு. சாப்பிட்டு வாங்க" என்றார்.

அந்த மூன்று போட்டவன் யார் என்று அன்றைக்கு உங்களில் பலர் என்னிடமே கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். நான்தான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு டீச்சர் என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்து அசல் தாளைக் காட்டினார். மேல் மூலையில் பெயர்: ஏ. கன்னியம்மா, ஐந்தாம் வகுப்பு, வடக்குப்பட்டு. பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று, கீழே என் சுருக்கொப்பம். அந்தப் பெண் பத்து நாளில் நாலு நாள்தான் வகுப்புக்கு வருவாள். "இது எங்கே எழுதப்போகுது" என்று எனக்குள் ஒரு தீர்ப்பு எப்போதோ எழுதியாகிவிட்டது. தாளின் மூலையில் பெயரைப் பார்த்ததும் அந்தத் தீர்ப்பைத் தாளில் இறக்கியிருக்கிறேன். ஏரியையும் மதகையும் நான் படிக்கவே இல்லை.

"நீங்க தாளுக்கு மார்க் போடல சார், பேருக்குப் போட்டீங்க. நானும் போட்டிருக்கேன், எல்லாரும் போட்டிருக்கோம்" என்றார் டீச்சர். "இனிமே மூலைய மடிச்சுட்டுத் திருத்துங்க. பேரை ரெஜிஸ்டர்ல ஏத்தும்போது பார்த்துக்கலாம்."

சாதாரணத் தவறாக இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் கன்னியம்மாவுக்குத் தமிழில் முப்பத்தொன்று. இன்னும் நான்கு மதிப்பெண் இருந்தால் தேர்ச்சி. ஐந்தாம் வகுப்பில் அது அவளுக்கு இரண்டாம் வருடம். திரும்பவும் பெயில் என்றதும் அவள் அப்பா ஏகாம்பரம் அவளை மெட்ராஸில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. அன்று புதன்கிழமை.

"என்ன செய்யறது டீச்சர்?" என்றேன்.

"பள்ளித் துணை ஆய்வாளர் இப்போ ஆபீஸ்ல இருக்கார். மனு எழுதுங்க."

அங்கேயே எழுதினேன். 'கவனக்குறைவால் நேர்ந்த தவறு' என்று தொடங்கியிருந்தேன். டீச்சர் வாங்கிப் படித்துவிட்டு அந்த வார்த்தையை அடித்தார். "கவனக்குறைவா? நல்லா கவனமாத்தான் சார் பண்ணீங்க. மாணவியைப் பற்றிய முன்கருத்தால் தவறாக மதிப்பிட்டேன்னு எழுதுங்க."

"இது என் பணிப்பதிவேட்டுல ஏறும் டீச்சர். தலைமையாசிரியர் பட்டியல்ல என் பேர் இருக்கு."

"ஏறும்தான். அந்தப் பொண்ணு மெட்ராஸ் பஸ்ல ஏறுறதவிட இது தேவல."

துணை ஆய்வாளர் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். தேர்ச்சிப் பட்டியல் கையெழுத்தாகிவிட்டது, ஒன்றை மாற்றினால் நாற்பது பேர் வந்து நிற்பார்கள் என்றார். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வரட்டும் சார். நாற்பது பேரும் வரட்டும். தப்பு பண்ணா திருத்தலாம்னு ஒரு வாத்தியார் வந்து நிக்கறாரு. அவரைத் திருப்பி அனுப்பிட்டு நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு மதிப்பீடு சொல்லிக் குடுக்கறது? உங்க பயிற்சிய நீங்களே நடத்திக்கோங்க." அரை மணி நேரத்தில் கையெழுத்து விழுந்தது.

வியாழக்கிழமை காலை வடக்குப்பட்டுக்குப் போனேன். கூட வாருங்கள் என்று டீச்சரைக் கூப்பிட்டேன். "உங்க மார்க். நீங்க போங்க" என்றுவிட்டார்.

ஏகாம்பரம் வீட்டெதிரே மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். உன் பெண் தேர்ச்சி என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், அன்னிக்கி பெயிலுன்ன, இன்னிக்கி பாஸுன்ற? கவர்மென்ட்டு மாத்திட்ச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். ஆனால் பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள், கன்னியம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்தது வேறு. "ஆமா, புது முறை வந்திருக்கு. மாத்திட்டாங்க" என்றேன். அவள் மெட்ராஸ் போகவில்லை. ஜூனில் ஸ்ரீபெரும்புதூரில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். ஊரார் அவளுக்கு 'கவர்மென்ட்டு பாஸு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

நடந்ததை டீச்சரிடம் ஒளிக்கவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அசல் தாளையும், நான் ஏழு போட்ட பிரதியையும் ஒன்றாகக் குண்டூசி குத்தி என்னிடம் கொடுத்தார். "ஒரு நாள் அந்தப் பொண்ணுகிட்ட இதக் குடுங்க. எப்போன்னு நான் கேக்கமாட்டேன்" என்றார். கடைசிவரை அவர் கேட்கவும் இல்லை, எவரிடமும் சொல்லவும் இல்லை. தலைமையாசிரியர் பதவி எனக்கு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அது எனக்கு வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு நான் டீச்சரின் ஆளாகிவிட்டேன். பள்ளி பள்ளியாக அட்டைகளைப் பார்க்க அவரோடு போயிருக்கிறேன். ஒரு பள்ளியில் வருடம் முழுவதற்குமான அட்டைகளை ஒரே மூச்சில் எழுதி வைத்திருந்தார்கள். டீச்சர் புரட்டிப் பார்த்தார். "ஜூன்லேர்ந்து மார்ச் வரைக்கும் ஒரே பேனா, ஒரே மை. நடுவுல உங்களுக்கு ஒரு நாள்கூட தலைவலி வரலியா சார்?" அந்த ஆசிரியர் சிரித்துவிட்டார். டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அத்தனை அட்டையையும் திருப்பி எழுதவைத்தார். இன்று நம் ஒன்றியத்தில் யாரும் அந்த முறையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள்கூட தாளைக் கையில் எடுத்ததும் மூலையை மடிக்கிறார்கள், யார் தொடங்கியது என்று தெரியாமலே. எந்த உத்தரவிலும் இல்லாத அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று அந்த மடிப்பு. இன்னொன்று பென்சில். "மையில போட்டுட்டா அப்புறம் மாத்த மானம் தடுக்கும் சார். பென்சில்ல போடுங்க" என்பார். சிவப்பு மைப் பேனாவை நான் தொட்டுப் பதிமூன்று வருடம் ஆகிறது. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை இப்போது கொடுத்துவிட்டேன்.

டீச்சரின் பதினாறாம் நாள் காரியத்தில் கன்னியம்மாவைத் தனியே அழைத்து, குண்டூசி துருவேறிய அந்தத் தாள்களைக் கையில் வைத்தேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். இதை எழுதுவதுகூட அவள் சம்மதித்த பிறகுதான். அவள் தன் பத்து வயதுக் கையெழுத்தை நின்றபடியே படித்தாள். மூன்றைப் பார்த்தாள். ஏழைப் பார்த்தாள்.

"டீச்சர் ட்ரெயினிங்ல ஃபர்ஸ்ட்டா வந்தப்பகூட, நம்மள யாரோ தள்ளி வுட்டுத்தான மேல வந்தோம்னு உள்ளுக்குள்ள உறுத்திக்கினே இருந்திச்சு சார்" என்றாள். "அப்போ நான் மெய்யாலுமே பாஸா சார்?"

"மெய்யாலுமே பாஸ்தாம்மா."

"இதச் சொல்ல பதிமூணு வருஷமா சார்?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாளாம். ஏகாம்பரத்துக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எதும்மா ஏழு?" என்று கேட்டாராம். அவள் காட்டிய இடத்தைத் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தாராம்.