இருநூறில் ஒரு காது

பல் செட் செய்கிறவரின் பிழைப்பில் ஒரு விசித்திரமான குறை உண்டு. அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு ஊரே சிரிக்கும். அதில் ஒரு சிரிப்பைக்கூட அவர் நேரில் பார்க்க மாட்டார். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். கூடவே ஒரு சீட்டு வரும்: மேல் செட், இன்ன நிறம், இன்ன தேதிக்குள் வேண்டும். ஆளின் பெயர்கூட இருக்காது, வெறும் எண்தான். மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து, அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஈறு வார்த்து, மெருகேற்றி, டப்பாவில் போட்டு அனுப்பிவிட வேண்டியது. இருபத்தெட்டு வருஷமாக நம் ஆளுக்கு இதுதான் வேலை. டாக்டர்கள் அவரைச் செட்டுக்காரர் என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்த மனிதருக்குப் பந்தயக் குதிரை சொந்தம் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சொந்தம்தான், இருநூறில் ஒரு பங்கு. பந்தயத்தில் ஒரு காசு கட்டினவர் இல்லை, சீட்டாட்டம் நடக்கும் தெருவில்கூட வேகமாக நடக்கிறவர். ஒரு கம்பெனி ஒவ்வொரு குதிரையையும் இருநூறு பங்காகப் பிரித்து விற்கிறது என்று ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லி, அந்த விளம்பரத் தாளையும் காட்டினார். ‘லாபம் வரும் என்று வாங்காதீர்கள், சந்தோஷத்துக்காக வாங்குங்கள்’ என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வரியில்தான் செட்டுக்காரர் விழுந்தார். அதுவரை அவருக்கு யாரும் எதையும் சந்தோஷத்துக்காக விற்றதில்லை.

குதிரை கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை. வாங்கும்போது மூன்று வயது. மாதத்தின் முதல் தேதி கம்பெனியிலிருந்து கடிதம் வரும், படங்களோடு. ‘மதிப்புக்குரிய உரிமையாளருக்கு’ என்று ஆரம்பிக்கும். வீடு வாடகை, பட்டறை வாடகை, மெருகேற்றும் மோட்டார்கூட டாக்டர் ஒருவர் கழித்துக் கொடுத்தது. உரிமையாளர் என்று அவரை யார் கூப்பிட்டார்கள்? அந்த முதல் வரியையே இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

அவர் மனைவி ஒரு துணிக்கடையில் உடுப்புகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தைத்துக் கொடுக்கிறவள். அரை விரல் கூடுதல் குறைச்சல் என்றாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். குதிரை விஷயம் தெரிந்த அன்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று அவர் பயந்தார். அவளோ கடிதத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, இருநூறில் ஒன்று என்றால் இதில் எது உங்களுடையது என்று மட்டும் கேட்டாள்.

“இடது காது,” என்றார்.

சும்மா சொல்லவில்லை. குட்டியாக இருந்தபோது வேலிக் கம்பியில் மாட்டி அந்தக் காதின் ஓரம் கிழிந்திருந்தது. நகம் அளவுக்கு ஒரு பிளவு. எந்தப் படத்தில் பார்த்தாலும் அதை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். அன்றிலிருந்து வீட்டில் அந்தக் குதிரைக்குக் காது என்றே பெயர் ஆகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் உங்கள் சக்களத்தி என்பாள்.

காது பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. நாலாவது, ஐந்தாவது என்று வருவாள். ஒரே ஒரு தடவை ஜெயித்தாள். அன்று செட்டுக்காரர் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் மெழுகு சூடேறி, யாரோ ஒரு எண்ணின் முன்பற்கள் ஆறும் வழிந்து தட்டில் கிடந்தன. அவர் தனியாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கீழே மருந்துக் கடைக்காரர் எலித் தொல்லை என்று நினைத்தாராம்.

ஆனால் ஃபோனில் பார்ப்பது எத்தனை நாளைக்கு? அவர்களுடைய ஒரே மகனும் ஃபோனில்தான் இருந்தான். தூர தேசத்தில் வேலை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நாலு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முகத்தைக் காட்டுவான். சில சமயம் மனைவி அவன் தலையைத் தடவுகிற மாதிரி கண்ணாடி மேல் விரலை வைப்பாள், படம் நகர்ந்து எங்கேயோ போய்விடும்.  செட்டுக்காரருக்கும் ஒரு ஆசை உள்ளுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காதை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருக்குமா, அந்தப் பிளவு விரலுக்குத் தட்டுப்படுமா? வேறொன்றும் வேண்டாம்.

உரிமையாளர்கள் லாயத்துக்கு வந்து குதிரையைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு நாள் உண்டு. முதல் வருஷம், கல்யாணத்துக்கு முதல் நாள் பல் செட்டை உடைத்துக்கொண்ட ஒரு மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அவசரமாகச் செய்து கொடுக்க வேண்டியிருந்ததால் இவரால் போக முடியவில்லை. இரண்டாம் வருஷம் மனைவிக்கு முழங்கால் வீக்கம். மூன்றாம் வருஷம் தேதி வருவதற்குள் வேறொரு கடிதம் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பண்ணை ஒன்று குட்டி போட வைப்பதற்காக அவளைக் கேட்கிறது, விற்கலாமா என்று ஓட்டெடுப்பு. செட்டுக்காரர் கூடாது என்று போட்டார். அவரோடு சேர்ந்து போட்டவர்கள் பதினோரு பேர். மற்ற நூற்றெண்பத்தெட்டு பங்கும் கையசைத்து வழியனுப்பிவிட்டன.

சனிக்கிழமை கடைசிப் பார்வை, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏற்றுகிறார்கள் என்றது கடைசிக் கடிதம். இந்தச் சனிக்கிழமையை விட்டால் ஆயுசுக்கும் இல்லை. மூன்று டாக்டர்களிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்று மனைவி நின்றாள். தெருவில் பூனை வந்தால் எதிர்ப்பக்கம் போகிறவள்! 

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். நீளமான செங்கல் கட்டடம், வரிசையாகக் கொட்டடிகள், ஒவ்வொன்றுக்கும் பாதி உயரத்துக்கு மரக்கதவு. முப்பது உரிமையாளர்கள் வந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் தாமாகவே வந்து கைகொடுத்து, நான் வால், நீங்கள் எது என்று கேட்டார். நம்மைப் போல இன்னொரு பைத்தியமும் உண்டு என்று செட்டுக்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது.

லாயக்காரர் குதிரையை முற்றத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார். கருஞ்சிவப்பு உடம்பு வெயிலில் மின்னியது. செட்டுக்காரருக்குக் கண் கலங்கி எதுவும் சரியாகத் தெரியவில்லை. அவர்கள் முறை வந்தபோது, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மனைவி விறுவிறுவென்று முன்னால் போய், குதிரையின் இடது காது மேல் கையை வைத்துவிட்டாள். உள்ளங்கையால் மூடினாற்போல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதையாவது தொட்டுட்டோம்,” என்றாள்.

அந்த ‘இதையாவது’ என்ற சொல் அவர் நெஞ்சில் தைத்தது. கையை எடு, நான் தொட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அவர் மூக்கின் பக்கம் கையை நீட்டினார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத ஈறு வார்க்கும் மருந்தின் நெடி அந்த விரல்களில் உண்டு. குதிரை முகர்ந்தது. கழுத்தை நீட்டி, தலையைத் தூக்கி, மேலுதட்டை மூக்கு வரைக்கும் சுருட்டியது. குதிரை சிரிக்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். மனைவி குதிகாலை உயர்த்தி எம்பி நின்றாளே தவிர, காதை விடவில்லை.

செட்டுக்காரர் சிரிக்கவில்லை. மேல்வரிசையில் ஆறு பல். நடுவில் நாலும் அகலமாக, மஞ்சளோடி, முளைத்து முடிந்த பற்கள். இரண்டு ஓரத்திலும் இருந்தவை சின்னதாக, வெள்ளை வெளேரென்று இருந்தன. பால் பல். பங்கு வாங்கிய நாளிலிருந்து குதிரைப் பல்லைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தவர் அவர். இதற்கு நாலரை வயதுகூட நிறைந்திருக்காது. காதுக்கு ஆறு வயது.

கூட்டம் கேக்கும் காப்பியுமாக நகர்ந்த பிறகு, லாயக்காரரைத் தனியே பிடித்து, காதும் காதும் வைத்தாற்போலக் கேட்டார்.

“இது அவ இல்லையே?”

லாயக்காரர் தரையைப் பார்த்தார். “கப்பல் தேதி மாறிடுச்சு சார். நேத்தே வண்டி வந்து ஏத்திட்டுப் போயிட்டாங்க. இவ்வளவு பேர் ஆசையா வர்றாங்க, வெறும் கொட்டடியைக் காட்ட முடியுமான்னு மேனேஜர்தான்... இது அவ தங்கச்சி சார்.”

கோபப்பட வேண்டும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு. “அவளோட இடது காது, தொட்டா எப்படி இருக்கும்?”

“அந்தக் காதா? மூணு வருஷம் தீனி வெச்ச என்னையே தொட விட்டதில்லை சார். கம்பி கிழிச்சதுலேருந்து அந்தப் பக்கம் கை போனாலே கடிக்க வருவா. கடிவாளத்தைக்கூட அந்தப் பக்கம் வாரைக் கழட்டித்தான் மாட்டுவோம்.”

காலிக் கொட்டடியைக் காட்டச் சொன்னார். வைக்கோல் வாரப்பட்டுத் தரை கழுவியாகிவிட்டது. அவள் வாசனைகூட இல்லை. கதவின் மேல் விளிம்பில் மட்டும் மரம் கடித்துக் குதறப்பட்டிருந்தது. அவள் வேலைதான், பொழுது போகாமல் கடித்துக்கொண்டே இருப்பாள் என்றார் லாயக்காரர். செட்டுக்காரர் அந்தப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். அகலமான, முழு வளர்ச்சி அடைந்த பற்களின் தடம். இடப்பக்கம் ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்க வேண்டும். கடைசியில் அவளும் அவருக்கு அச்சாகத்தான் கிடைத்தாள். அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார், லாயக்காரரும் அவசரப்படுத்தவில்லை.

மனைவியிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினார். அவளாவது ஒன்றைத் தொட்டோம் என்ற நிறைவோடு இருக்கட்டும். பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரர் எடுத்த படங்கள் ஃபோனில் வந்தன. ஏழு படம். குதிரை குனிந்திருந்த படத்திலும், தலையைத் தூக்கியிருந்த படத்திலும், வேறு யாரோ வந்து நடுவில் நின்ற படத்திலும் மனைவியின் கை அதே இடத்தில் இருந்தது. இடது காதின் ஓரம் ஒன்றில்கூடத் தெரியவில்லை. அரை விரல் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கிறவள் அவள். 

“அவ்வளவு நேரம் பிடிச்சிட்டு நின்னியே, கை வலிக்கலையா?” என்றார்.

அவள் ஃபோனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?”

“பல்லைப் பாத்ததும். உனக்கு?”

“நடத்திக் கூட்டிட்டு வரும்போதே. காது முழுசா இருந்துச்சு. நீங்க பாத்துடக் கூடாதேன்னுதான்.”

அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் இன்னும் குதிரையின் வாசனை இருந்தது. லாயக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னார். அந்தக் காதைத் தீனி வைத்தவரைக்கூடத் தொட விடமாட்டாளாம் என்பதையும் சொன்னார்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். 

“அப்ப நம்ம பங்கை இன்னும் யாரும் தொடலை,” என்றாள்.