கலந்து பேசுவோம் என்ற வாசகம்

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரின்போது என் மைத்துனன் கிழக்கு எல்லையில் இருந்தான். தாயில்லாத அவனை வளர்த்தவள் அவனுடைய அக்கா, என் மனைவி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டார் என் மாமனார். அன்றுமுதல் அவள் பிறந்த வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஆனால் ரேடியோ அவர் வீட்டில்தான் இருந்தது. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனத்துக்கு மாலைதோறும் நடந்தோம். அவள் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று செய்தி கேட்பாள்.

அன்று அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வங்காள விரிகுடாவை நோக்கி வருவதாகச் சொன்னார்கள். டெல்லி வானொலியில் ஒலித்த ஆங்கில உரையை நான் தமிழில் சொன்னேன். அதில் பணியமாட்டோம் என்ற உறுதி இருந்தது. துணைக்கு யார் வருவார் என்பது இல்லை.

"ரஷ்யாக்காரன் நம்ம பக்கம்னு கையெழுத்து போட்டானே மாப்ள. வருவானா, மாட்டானா?" என்றார் மாமனார்.

கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன் நான். அந்த இந்திய-சோவியத் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்திருந்தேன்.

"வருவோம்னு அதுல எழுதல மாமா. தாக்குதல் வந்தா உடனே கலந்து பேசுவோம்னுதான் இருக்கு."

"கலந்து பேசறதா? இவனுங்க பேசிக்கினு கீறதுக்குள்ள கப்பல் வந்துபூடுமே!"

"அவங்களாவது பேசறாங்க," என்றாள் என் மனைவி, படியிலிருந்து. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அனுப்பிட்டு, இப்ப ஊரான் வருவானான்னு கேக்கற, நைனா."

அவர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார். மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"நீ எப்ப துன்ன?"

"துன்னேன், துன்னேன்."

"இன்னா துன்ன?"

அவர் ரேடியோவின் உறையை இழுத்து மூடினார். அவள் படி தாண்டினாள். அடுக்களையில் பானையைத் திறக்கும் ஓசை கேட்டது. இரண்டு தட்டுகளில் சோறு வந்தது. மாமனார் தம் தட்டைத் தொடாமல் மகளின் கையையே பார்த்திருந்தார். அவள் கை நனைத்து முதல் கவளத்தை எடுத்த பிறகே அவரும் எடுத்தார். எனக்கு யாரும் தட்டு வைக்கவில்லை என்பதை வெகுநேரம் கழித்தே கவனித்தேன்.

கப்பல்கள் கரையை நெருங்குமுன் போர் முடிந்தது. மைத்துனன் உயிரோடு திரும்பினான். எந்தத் தலைவரின் எந்தச் சொல் எவரைத் தடுத்தது என்று ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிவந்தேன்.

சென்ற மாதம் என் மனைவியைச் சுடுகாட்டில் விட்டுத் திரும்பினோம். மறுநாளும் மைத்துனன் எதையும் உண்ண மறுத்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் சொல்ல எனக்கு ஒரு வாசகமும் இல்லை. இரண்டு தட்டுகளில் சோறு போட்டு எதிரே அமர்ந்தேன். சொம்பைச் சாய்த்துக் கை நனைத்தேன். அவன் என் கையையே பார்த்திருந்தான்.