புயல் தட்டிய விடைகள்

மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சர் எடுத்த காரியத்தை லேசில் விடுகிறவர் அல்ல. தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்து, இணையவழிக் கணக்குப் பயிற்சிக்காக டேப்லெட்டுகள் வாங்கியவர் அவர்தான். விடை சரியென்றால் அடுத்த கணக்கு கடினமாக வரும்; தப்பென்றால் எளிதாக வரும். ஒரே வாரத்தில் எல்லாருக்கும் பெரிய வகுப்புக் கணக்குகள் வந்து, பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள்.

"இது ஒத்துவரல டீச்சர். டேப்லெட்டையெல்லாம் அஞ்சாம் வகுப்புக்குக் கொடுத்துடலாம்" என்றார் தலைமையாசிரியர்.

"ஒரு நாள் பொறுங்க சார்."

டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார். கணக்குப் போடும் வேகத்தால் 'புயல்' என்று பட்டப்பெயர் வாங்கிய சிறுமி, பெஞ்சு பெஞ்சாகப் போய் எல்லாருக்கும் விடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"பாவம் டீச்சர், இவங்க ரொம்ப லேட் பண்றாங்க."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எல்லாருடைய பயிற்சியையும் முதலிலிருந்து தொடங்கவைத்தார். "நீ வாயால சொல்லிக்குடு. அடுத்தவங்க டேப்லெட்டுல கை வைக்காத."

புயல் கையைக் கட்டிக்கொண்டு தோழிக்கு விளக்கினாள். தோழி தட்டிய முதல் விடை தப்பாகி, எளிய கணக்கு வந்தது. அதை விரல்விட்டு எண்ணிச் சரியாகத் தட்டினாள்.

மறுநாள் தலைமையாசிரியர் எட்டிப்பார்த்தார். "என்ன டீச்சர், மார்க்கெல்லாம் இறங்கிப்போச்சு?"

"இப்பத்தான் சார் இது இவங்க மார்க்கு. டேப்லெட் இங்கயே இருக்கட்டும்."